தோட்ட நோட்டுக்கு மதிப்பெண் போட்ட விதம்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில், வீட்டுத் தோட்டப் போட்டிக்கான பரிசு அறிவிப்புக்கு முன் நடுவர் குழு சார்பில் பேசியது)



பரிசு யாருக்கு என்பதைத் தலைவர் அக்கா சொல்லுவாங்க. எப்படி முடிவு பண்ணினோம் என்று சொல்லும் வேலையை என்னிடம் கொடுத்திருக்காங்க. தோட்டக்கலைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் என்பதால் நடுவர் மூணு பேரில் என்னையும் ஒருத்தியாகப் போட்டார்கள். பரிசு வாங்கப் போறவங்களுக்கு இந்தப் பேச்சு தேவைப்படாது. வாங்காதவங்களுக்குத்தான் தேவை. அதனால் கொஞ்சம் நீளமாகவே பேசப் போறேன், பொறுத்துக்குங்க.

போன மாசம் மூணு குழுக்கள் தங்கள் தீர்மானப் புத்தகத்திலேயே எழுதி அனுப்பியிருந்தாங்க. "போர் இருக்கிற வீட்டுக்கும், மொட்டை மாடி இருக்கிற வீட்டுக்கும்தான் பரிசு போகும். எங்களைப் போன்றவர்கள் எதற்குச் சேரணும்? வரும் ஆண்டு நாங்கள் கலந்துகொள்ளப் போவதில்லை." இப்படி எழுதினதைச் சிலர் குறையாகப் பேசினாங்க. எனக்கு அது குறையாத் தெரியலை. பின்னாடி நின்னு பேசாமல், கையெழுத்துப் போட்டு எழுதியிருக்காங்க. எழுதிக் கேட்டவங்களுக்குச் சபையில் பதில் சொல்லணும்.

மொத்தம் 100 மதிப்பெண். அதில் தோட்ட நோட்டுக்கு 60. நேரில் வந்து பார்ப்பதற்கு 30, மார்கழியில் ஒரு தடவை 15, சித்திரையில் ஒரு தடவை 15. சொந்தமாக எடுத்து வைத்த விதைக்கு 10. தோட்டப் போட்டி என்று சொல்லிவிட்டு நோட்டுக்கு எதுக்கு இவ்வளவு என்று முதல் கூட்டத்திலேயே கேட்டாங்க. நேரில் பார்ப்பது ஒரு நாள் பார்ப்பது. நடுவர் வர்றாங்கன்னு தெரிஞ்சா, நர்சரியில் பூவும் பிஞ்சுமாக நிற்கிற செடியை வாங்கி வந்து வைக்க ஒரு சாயங்காலம் போதும். கண்டுபிடிக்க முடியாதான்னா, முடியும். செடியோட அடி மண்ணு பாலிதீன் கவர் வடிவத்திலேயே உருண்டையா நிற்கும், சுற்றி இருக்கும் மண் வேற நிறமா இருக்கும். ஆனால் ஒவ்வொரு வீட்டிலும் மண்ணைக் கிளறிப் பார்த்துக்கிட்டு இருந்தா அது தோட்டம் பார்க்கிற வேலையா, போலீஸ் வேலையா? நோட்டு என்பது 48 வாரம். ஆடி முதல் வாரத்தில் ஆரம்பிச்சு வைகாசி கடைசி வரைக்கும். அத்தனை வாரத்தை ஒரே சாயங்காலத்தில் வாங்கி வந்து வைக்க முடியாது.

வெளிநாடுகளில் இதையெல்லாம் எப்படிச் செய்றாங்கன்னு ரெண்டு விஷயம் சொல்றேன். இங்கிலாந்தில் ஊருக்கு ஊர் காய்கறிக் கண்காட்சி வைப்பாங்க. ராயல் ஹார்ட்டிகல்ச்சுரல் சொசைட்டி என்ற பழைய சங்கம், எந்தக் காய்க்கு என்ன பார்த்து எத்தனை புள்ளி போடணும்னு ஒரு கையேடே போட்டிருக்கு. காய் வாடாமல் இருக்கா, எல்லாம் ஒரே அளவா, நிறம் சரியா என்று பார்ப்பாங்க. ஒரு தட்டில் ஆறு காய் என்று அறிவிப்பில் சொல்லியிருந்து நீங்க ஏழு வைத்தால், காய் எவ்வளவு நல்லா இருந்தாலும் சரி, "அறிவிப்பின்படி இல்லை" என்று சீட்டில் எழுதி வைத்துவிட்டு நடுவர் அடுத்த தட்டுக்குப் போயிடுவார். புள்ளியே கிடையாது. கேட்க அநியாயம் மாதிரி இருக்கும். ஆனா சேரும்போதே விதியைப் படிச்சுட்டுச் சேருன்னு சொல்றது ஒரு வகையில் நியாயம்தான். அவங்களிடம் நாம எடுத்துக்காதது, எல்லாக் காயும் ஒரே அளவா இருக்கணும் என்பதை. கோணல் கத்தரிக்காயும் எண்ணெயில் வதக்கினா அதே ருசிதான்.

அமெரிக்காவில் பெண்கள் தோட்டச் சங்கங்கள் நிறைய உண்டு. 1891-ல் ஜார்ஜியா மாநிலத்தில் ஏதென்ஸ் என்ற ஊரில் பெண்கள் சேர்ந்து ஆரம்பித்ததைத்தான் அந்த நாட்டின் முதல் தோட்டச் சங்கம்னு சொல்றாங்க. அந்தச் சங்கங்கள் வருஷத்துக்கு ஒரு ஆண்டுப் புத்தகம் போடும். எந்த மாசம் என்ன கூட்டம், யார் வீட்டில், யார் பேசுவார், யார் பொறுப்பு, என்ன வேலைத் திட்டம் எல்லாம் அதில் இருக்கும். அந்தப் புத்தகங்களுக்கே போட்டி வைத்துப் புள்ளி போடுறாங்க. இருபது பேர் சங்கத்தை முந்நூறு பேர் சங்கத்தோட மோத விடாமல், உறுப்பினர் எண்ணிக்கையை வைத்துப் பிரிவு பிரித்துப் பார்க்கிறாங்க. இது நமக்குப் பிடிச்ச விஷயம், எடுத்துக்கிட்டோம். ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு. அவங்க புத்தகம் வருஷ ஆரம்பத்தில் வருது, இனிமே செய்யப் போறதைச் சொல்லுது. நம்ம நோட்டு செஞ்சதைச் சொல்லுது. செய்யப் போறேன்னு எழுதுவது சுலபம். செஞ்சதை, அதிலும் செஞ்சு கெட்டுப் போனதை எழுதுவதுதான் கஷ்டம்.

பிரிவு மூணு. தரையில் இடம் உள்ளவங்க ஒரு பிரிவு. மாடித் தோட்டம் ஒரு பிரிவு. மூணாவது, பத்துப் பைக்கு மேல் வைக்க இடமில்லாதவங்க. வாசலில் நாலு சாக்கு, உடைஞ்ச வாளி, பழைய பெயிண்ட் டப்பா என்று வைத்திருப்பவர்கள். ஒரு பிரிவில் சேர்ந்தவர் இன்னொரு பிரிவுக்காரரோடு போட்டியே போடலை. பரிசுத் தொகை மூணுக்கும் ஒண்ணுதான். போர் இருக்கிற வீட்டுக்குத்தான் பரிசு என்ற பேச்சுக்கு முதல் பதில் இது. ஆனால் இது முழுப் பதில் இல்லை. மீதியைப் பின்னாடி சொல்றேன்.

இப்போ நோட்டு. 60 மதிப்பெண்ணை நாலாப் பிரிச்சிருக்கோம். விடாமல் எழுதினதுக்கு 20. பறிப்புக் கணக்குக்கு 15. செத்துப் போன செடிகளைக் காரணத்தோட எழுதினதுக்கு 15. செலவும் தண்ணீரும் எழுதினதுக்கு 10.

விடாமல் எழுதுவது பற்றி நம்ம ஆட்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. வாரா வாரம் கூட்டம், சேமிப்பு, உள்கடன், திருப்பிச் செலுத்துதல், கணக்கு என்று பஞ்ச சூத்திரத்தை வாய்ப்பாடு மாதிரி சொல்றவங்க நீங்க. அதே சமயம், வங்கியிலிருந்து தரம் பார்க்க வர்றாங்கன்னா முதல் நாள் ராத்திரி ஆறு கூட்டத்துத் தீர்மானத்தை ஒரே பேனாவில் எழுதி முடிக்கிற குழுவும் இருக்கு. சிரிக்காதீங்க, சிரிக்கிறவங்களைப் பார்த்தாலே எந்தக் குழுன்னு தெரியுது.

தோட்ட நோட்டிலும் அது நடக்குது. எப்படித் தெரியும்னு கேட்கிறாங்க. பேனா மை ஒரே மாதிரி இருக்கும், எழுத்து ஒரே அழுத்தமா இருக்கும். ஓரத்தில் கைபட்ட அழுக்கு, மஞ்சள் கறை எதுவும் இருக்காது. இதெல்லாம் சந்தேகம்தான், சாட்சி ஆகாது. சாட்சி செடியே சொல்லும். சிறுகீரை விதைச்சு 25 நாளில் பறிக்கலாம். வெண்டை முதல் பறிப்புக்கு 45 நாளாவது ஆகும். கத்தரி நாற்று நட்டதிலிருந்து ஐம்பது, அறுபது நாள். ஒரு நோட்டில் வெண்டை விதைத்து 28-ஆம் நாள் அரைக் கிலோ பறித்ததாக இருந்தது. இன்னொன்றில் ஆடியில் போட்ட பந்தல் அவரை புரட்டாசியில் கொத்துக் கொத்தாகக் காய்த்ததாக எழுதியிருந்தது. பந்தல் அவரை பகல் குறுகிப் பனி இறங்கும்போதுதான் பூக்கும், கார்த்திகை மார்கழிக்கு முன்னாடி அதில் என்ன காய்? இன்னொரு நோட்டில், ஐப்பசியில் ஊரே மூணு நாள் நனைஞ்சு கிடந்த வாரத்தில், தினமும் ரெண்டு குடம் தண்ணீர் ஊற்றியதாக இருக்கு.

இப்படி வந்த நோட்டுகளை நாங்க தள்ளிவிடவில்லை. யாருடையதுன்னு இங்கே சொல்லவும் மாட்டோம். அந்த வாரங்களுக்கான மதிப்பெண்ணைப் போடாமல் விட்டோம், அவ்வளவுதான். அவங்க தோட்டம் பொய் இல்லை, நேரில் போய்ப் பார்த்தப்போ செடி இருந்தது. எழுத மறந்துட்டு, மார்க் போயிடுமேன்னு பயந்து நிரப்பியிருக்காங்க. ஆறு வாரம் வரைக்கும் எழுதாமல் விட்டால் மதிப்பெண் குறையாது என்று விதியிலேயே இருக்கு. பிரசவம் பார்க்கப் போயிருப்பீங்க, நூறு நாள் வேலை இருக்கும், சாவு வீடு இருக்கும். காலிப் பக்கத்தைக் காலியாகவே விடுங்க.

செத்த செடிக்கு மதிப்பெண் என்றதும் எல்லாருக்கும் சிரிப்பு. "செடியைச் சாக விட்டா பரிசா?" என்று ஒரு தங்கச்சி கேட்டது. சாக விட்டதுக்கு இல்லைம்மா, சொன்னதுக்கு. வருஷம் பூரா ஒரு செடிகூடச் சாகலைன்னு எழுதியிருந்தா, அது செடியில்லை, பிளாஸ்டிக் பூ. இந்த வருஷம் நான் பார்த்த நோட்டுகளில் எனக்கு மறக்காத ஒரு பக்கம் சொல்றேன். பை வைத்திருக்கிற பிரிவு. எழுதியிருந்ததை என் வார்த்தையில் சொல்றேன். கத்தரி பன்னிரண்டு வைத்தார். பூ எடுக்கிற சமயத்தில் அஞ்சு செடி பச்சையாக இருக்கும்போதே ஒண்ணொண்ணா வாடிச்சு. தண்ணீர் போதலையோன்னு கூட ஊற்றிப் பார்த்தார், எந்திரிக்கலை. பிடுங்கி வேரைப் பார்த்தார், புழு இல்லை. பயிற்சியில் சொன்னது ஞாபகம் வந்து, தண்டை அடியில் நறுக்கி ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் நிறுத்தியிருக்கார். வெட்டின இடத்திலிருந்து பால் மாதிரி நூல் நூலா இறங்கியிருக்கு. அது பாக்டீரியா வாடல் நோய். மருந்தடிச்சுச் செடியைக் காப்பாத்துற வியாதி இல்லை. அந்த அஞ்சு பை மண்ணையும் தனியாக வைத்து, அதில் கத்தரி, தக்காளி, மிளகாய் மூணும் போடுறதில்லைன்னு எழுதி, கீரையும் கொத்தவரையும் போட்டிருக்கார். மூணும் ஒரே குடும்பம், ஒண்ணுக்கு வர்றது மத்ததுக்கும் வரும் என்று தெரிஞ்சு செஞ்சிருக்கார். அந்த இடத்துக்கு மூணு நடுவரும் கலந்து பேசாமலே 15-க்கு 15 போட்டிருந்தோம். அந்தப் பக்கத்தைப் பிரதி எடுத்து எல்லா ஊக்குநரிடமும் கொடுக்கச் சொல்லியிருக்கேன். பக்கத்துத் தெருவில் அதே நோயில் கத்தரி வைத்து வைத்துச் சாகக் கொடுத்துட்டு, "எங்க வீட்டுக்குக் கத்தரி ராசியில்லை" என்று விட்டவங்க நாலு வீடு எனக்குத் தெரியும்.

பறிப்புக் கணக்கில் எடை கேட்பதில்லை. தராசு எல்லார் வீட்டிலும் இல்லை, அது மட்டும் காரணமில்லை. ஒரு ஆளுக்கு நாளைக்கு 300 கிராம் காய்கறி வேணும், அதில் 50 கிராமாவது கீரை இருக்கணும் என்று ஐதராபாத்தில் இருக்கிற தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2011-ல் சொல்லியிருந்தது. நாலு பேர் வீட்டுக்குக் கணக்குப் போட்டா நாளைக்கு ஒண்ணேகால் கிலோவுக்குக் கிட்ட வருது. நாலு சாக்கில் அது வருமா? வராது. எடை போட்டா இடம் இருக்கிறவங்கதான் ஜெயிப்பாங்க. அதனால் நாள் கணக்கு. தோட்டத்திலிருந்து ஏதோ ஒண்ணு கைக்கு வந்த நாளுக்கு ஒரு கோடு. ஒரு கைப்பிடி கீரை என்றாலும் கோடுதான், பத்துச் சுரைக்காய் என்றாலும் கோடுதான். கறிவேப்பிலை மட்டும் பறித்த நாளைச் சேர்க்கலாமான்னு ஒரு பெரிய விவாதமே நடந்தது. சேர்க்கக் கூடாது என்று முடிவு. தாளிக்கிறதுக்கெல்லாம் கோடு போட்டா வருஷம் முழுக்கக் கோடுதான்.

வித்ததையும் சேர்க்கிறோம். தரைத் தோட்டப் பிரிவில் ஒருத்தர் நோட்டில் பாதிக்கு மேல் "சந்தைக்கு" என்றுதான் இருந்தது. சத்துணவுக்காக வைத்த தோட்டத்தை ஒட்டன்சத்திரத்துக்கு மூட்டை கட்டினா எப்படி என்று செயற்குழுவில் ஒருவர் கேட்டார். அந்த உறுப்பினரையே கேட்டோம். "பாகற்காய் வித்த காசில் புள்ளைக்கு முட்டை வாங்கினேன், சந்தா கட்டினேன். பாகற்காயை என் புள்ள தொடாது" என்றார். செலவுப் பக்கத்தில் முட்டைக் கணக்கும் எழுதி வச்சிருந்தார். அதுக்கு மேல் எங்களுக்குக் கேட்க ஒண்ணுமில்லை.

எழுதத் தெரியாதவங்க என்ன செய்றது? இது எழுதினவங்களோட போட்டி இல்லை, வளர்த்தவங்களோட போட்டி. யார் கையெழுத்து என்பதற்கு மதிப்பெண் கிடையாது. பையன் எழுதலாம், பேத்தி எழுதலாம், ஊக்குநர் எழுதலாம். ஒரு அக்காவுக்கு ஏழாவது படிக்கிற மகள் எழுதிக்கிட்டு இருந்தது. தை மாசம் அது விடுதிப் பள்ளிக்குப் போயிடுச்சு. அந்த வாரத்திலிருந்து நோட்டில் எழுத்தே இல்லை, படம்தான். கத்தரிக்காய்க்கு ஒரு வட்டமும் காம்பும், வெண்டைக்கு நீளமா ஒரு கோடு, கீரைக்கு ஒரு இலை, பக்கத்தில் எத்தனை நாள் என்று குச்சி குச்சியா. செத்த செடி தலைகீழா வரைஞ்சிருக்கு. மூணு நடுவரும் யாரிடமும் கேட்காமல் அதைப் படிச்சுட்டோம். அதற்கு மேல் ஒரு நோட்டில் வேறென்ன வேணும்? அட்டைக்கு ஜிகினா ஒட்டி, ஒவ்வொரு பக்கத்திலும் ஸ்கெட்ச் பேனாவில் பூ வரைந்து வந்த நோட்டுகளும் இருந்தன. பார்க்க ஆசையாத்தான் இருந்தது. அதுக்கு மதிப்பெண் இல்லை.

விதைக்கு 10 என்றது சின்ன விஷயம், சீக்கிரம் சொல்லிடறேன். பாட்டிலில் பேரும் மாசமும் எழுதியிருக்கணும். பத்து விதையை ஈரத்துணியில் முடிஞ்சு வைத்து ஏழாவது முளைக்கணும். கடையில் வாங்குற வீரிய ஒட்டு விதையிலிருந்து எடுத்த விதை தாய்ச்செடி மாதிரி வராது, அதைச் சேர்க்க மாட்டோம். ஊர் விதை, நாட்டு ரகம், பல்கலைக்கழகம் வெளியிட்ட ரகம் எதுவா இருந்தாலும் சரி. வரப்பிலும் வேலியிலும் நிற்கிற பெரியகுளம் பி.கே.எம்-1 செடிமுருங்கை விதையைக் கொண்டு வந்தவங்கதான் அதிகம்.

நேரில் பார்க்கிறபோது எங்களுக்கும் விதி உண்டு, அதையும் நீங்க தெரிஞ்சுக்கணும். சொந்தக்காரர் வீட்டுக்கும் சொந்தக் குழு உறுப்பினர் வீட்டுக்கும் அந்த நடுவர் மதிப்பெண் போடக்கூடாது, மத்த ரெண்டு பேர்தான் போடணும். மூணு பேரும் தனித்தனித் தாளில் எழுதி உறையில் போட்டு ஒட்டிடுவோம், ஒருத்தர் தாளை ஒருத்தர் பார்க்கிறதில்லை. மூணுக்கும் நடுவில் 10 மதிப்பெண்ணுக்கு மேல் வித்தியாசம் வந்தா மட்டும் உட்கார்ந்து பேசுவோம்.

இன்னொரு விதி, போற வீட்டில் ஒண்ணும் சாப்பிடக் கூடாது, குடிக்கக் கூடாது. சித்திரை வெயிலில் மோர் கொண்டு வந்து நீட்டும்போது வேண்டாம்னு சொல்றது எவ்வளவு சங்கடம்னு உங்களுக்குத் தெரியும். சில வீட்டில் மனசு வருத்தப்பட்டாங்க. மோர் குடிச்சா மார்க் கூடப் போடுவோம் என்பதற்காக இந்த விதி வரலை. ஒரு தெருவில் குடிச்சுட்டு அடுத்த தெருவில் வேண்டாம்னா அதுக்கு என்ன அர்த்தம் ஆகும்னு நான் விளக்க வேண்டியதில்லை. ஒன்று எல்லா வீட்டிலும் குடிக்கணும், இல்லை எங்கேயும் குடிக்கக் கூடாது. ஒரு நாளைக்குப் பதினைஞ்சு வீட்டில் குடிக்க வயிறு தாங்காது. அதனால் தண்ணி பாட்டிலோட வந்தோம். இன்னிக்குப் பரிசு கொடுத்து முடிஞ்சாச்சுன்னா விதி முடிஞ்சது. யார் கூப்பிட்டாலும் வர்றேன், எந்தத் தெருவா இருந்தாலும் சரி.

இப்போ அந்த மூணு குழுவின் கேள்விக்கு மீதிப் பதில். அவங்க சொன்னதில் ஒரு உண்மை இருக்கு. மார்கழியில் எல்லார் தோட்டமும் பச்சைதான், மழைத் தண்ணி. சித்திரையில் போனா, போர் இருக்கிற வீடு பச்சையா இருக்கும், தெருக் குழாயில் நாலு நாளைக்கு ஒரு தடவை குடம் போட்டு நிற்கிறவங்க வீட்டில் காய்ஞ்ச சாக்கு இருக்கும். பச்சையைப் பார்த்து 15 போட்டா, அது தண்ணீருக்குப் போட்ட மதிப்பெண், உழைப்புக்கு இல்லை. அதனால் சித்திரையில் நாங்க பார்த்தது பச்சையை இல்லை. மண்ணுக்கு மூடாக்குப் போட்டிருக்காங்களா, கூளமோ தென்னை மட்டையோ எதுவானாலும் சரி. பையை நிழலுக்கு நகர்த்தியிருக்காங்களா. பாத்திரம் கழுவின தண்ணியும் அரிசி களைஞ்ச தண்ணியும் எங்கே போகுது. பிழைக்காது என்று தெரிஞ்ச செடியை விட்டுட்டு எதைக் காப்பாத்தினாங்க. காய்ஞ்ச சாக்கு இருந்த ஒரு வீட்டுக்கு 15-ல் 13 வந்திருக்கு. வேப்ப நிழலில் ரெண்டே பை, ஒன்றில் பொன்னாங்கண்ணி, ஒன்றில் தாய் மிளகாய்ச் செடி, மத்த பையெல்லாம் மண்ணைக் கொட்டி எரு கலந்து ஆடிக்குத் தயாரா மூடி வச்சிருந்தார். குழாய் வைத்துப் பாய்ச்சின ஒரு பச்சைத் தோட்டத்துக்கு 7. இந்த வருஷம் மூணு பிரிவிலும் முதல் பரிசு வாங்குறவங்களில் போர் இருக்கிறது ஒரே ஒரு வீட்டில்தான். பேர் சொன்னதும் நீங்களே சரிபார்த்துக்கலாம். மதிப்பெண் தாள் எல்லாம் கூட்டமைப்பு அலுவலகத்தில் ஒரு மாசம் இருக்கும். யார் வேணும்னாலும் தன்னோட தாளை வாங்கிப் பார்க்கலாம்.

கடைசியா ஒரு நோட்டு. அதைப் பற்றிப் பேச அவங்களிடம் சம்மதம் வாங்கிட்டேன். பேர் சொல்லமாட்டேன். வாடகை வீடு, மாடித் தோட்டப் பிரிவு, ஒன்பது பை. ஆடியிலிருந்து மாசி வரைக்கும் 34 வாரம், ஒரு வாரம்கூட விடலை. மாசி கடைசியில் நோட்டு நின்னுபோகுது. தளம் ஓதம் காக்குது, பையை எடுத்துடுங்கன்னு வீட்டுக்காரர் சொல்லிட்டார். கடைசிப் பக்கத்தில் கணக்கு இருக்கு. நாலு பை அக்கா வீட்டுக்கு, அஞ்சு பை கொட்டியாச்சு, தக்காளி பிஞ்சோட போச்சு, விதை நாலு பேருக்குக் கொடுத்தது, யார் யாருக்கு என்ன விதை என்று. அதோட முடிஞ்சது.

இந்த ஒரு நோட்டில்தான் எங்க மூணு பேருக்கும் வித்தியாசம் 10-க்கு மேல் வந்தது. ரெண்டு பேர் 62, 64 போட்டிருந்தோம், ஒருத்தர் 79. யார் எதுன்னு சொல்லமாட்டேன். ஒரு மத்தியானம் முழுக்கப் பேசினோம். 48 வாரத்துக்கு 34 வாரம்தானே, தொடர்ச்சிக்கு 14-தான் வரும் என்பது ஒரு பக்கம். இடம் இருந்த வரைக்கும் ஒரு வாரம் விடலை, இடம் போனது அவங்க கையில் இல்லை என்பது இன்னொரு பக்கம். முடிவா, தொடர்ச்சிக்கு 20 முழுசாகக் கொடுத்தோம். சித்திரையில் பார்க்க ஒண்ணும் இல்லாததால் அந்த 15-க்கு சைபர். இல்லாததைப் பார்த்ததாகப் போட முடியாது. மொத்தம் 69 வந்தது. அந்தப் பிரிவில் மூணாம் பரிசு 72. மூணு மார்க்கில் போச்சு.

அவங்களுக்குத் தனியா ஆறுதல் பரிசு கொடுக்கலாமே என்று செயற்குழுவில் சொன்னாங்க. நான் வேண்டாம்னு சொன்னேன், அவங்களும் வேண்டாம்னாங்க. எவர்சில்வர் தட்டை வைத்துக்கிட்டு அவங்க எங்கே செடி வைப்பாங்க? நம்ம கூட்டங்களில் வாடகை வீட்டில் இருக்கிறவங்க எத்தனை பேர், கையைத் தூக்குங்க பார்க்கலாம். பாருங்க. இத்தனை பேரும் வருஷ நடுவில் ஒரு வார்த்தையில் போட்டியிலிருந்து வெளியே போகக்கூடியவங்க. நம்ம கூட்டமைப்புக் கட்டடத்தின் மொட்டை மாடி காலியாத்தான் கிடக்கு. கைப்பிடிச் சுவர் இருக்கு, தண்ணித் தொட்டி இருக்கு, போன வருஷம்தான் தளத்துக்கு ஓதம் காக்காத பூச்சும் பூசியிருக்கு. ஆளுக்கு ஆறு பை வைக்க இடம் கொடுத்தா இருபது பேருக்குத் தாராளமா வரும். வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு மட்டும், எழுதிக் கேட்கிற வரிசைப்படி. தண்ணீர் முறையும் மாடிச் சாவியும் யாரிடம் என்பதை அவங்களே ஒரு நோட்டில் எழுதிக்கட்டும். இதை நடுவர் குழுவின் கோரிக்கையாக எழுத்தில் கொடுத்திருக்கோம், அடுத்த செயற்குழுக் கூட்டத்தில் தீர்மானத்துக்கு வருது. உங்க ஊக்குநரும் பிரதிநிதியும் அந்தக் கூட்டத்துக்குப் போறப்போ என்ன சொல்லணும்னு இந்த வாரக் குழுக் கூட்டத்திலேயே பேசி அனுப்புங்க.

புது நோட்டு ஊக்குநர்களிடம் கொடுத்தாச்சு. இந்தத் தடவை பக்கத்தைக் கொஞ்சம் பெருசாக்கி, படம் வரையறவங்களுக்கு இடம் விட்டிருக்கோம். முதல் பக்கத்தை ஆடிப் பதினெட்டுக்குள் நிரப்பி, எந்தப் பிரிவு என்று குறித்துக் கொடுத்திடுங்க. அந்த மூணு குழுவுக்கும் சேர்த்துத்தான் நோட்டு அச்சடிச்சிருக்கு. அவங்க பேர் போட்ட கட்டு அலுவலகத்தில் மேசை மேலேயே இருக்கு.

தலைவர் அக்கா, இனி நீங்க பேர் வாசிக்கலாம்.